நாற்றம் போன தாரெண்ணெய்

1. தலை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் தலை வெந்துவிட்டது. உவமைக்காகச் சொல்லவில்லை. மயிர் என்று சொல்லத்தக்க எதுவும் அப்போதே என் தலையில் இல்லை. இருந்த தோலும் அன்றைக்குச் சிவந்து, கொப்பளித்து, மூன்றாம் நாள் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது.

அதற்கு முன்னால் நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். பென்சீன் வளையத்தை ஒரு நாளைக்கு எட்டு முறை போர்டில் வரைவேன். அது எப்படி மணக்கும் என்று ஒரு பிள்ளை கேட்டால், "பரீட்சையில் வராது" என்பேன். முப்பத்து நாலு வயதில், நிஜமான கெமிஸ்ட்ரியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. அந்த மாதிரி ஆசைகள் வரும்போது ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் இன்றைய கருத்து.

சேலம் நாமக்கல் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு மண்ரோட்டில் இருந்தது, நான் கெமிஸ்ட்டாகச் சேர்ந்த பிளான்ட். நிலக்கரியைச் சுட்டுக் கோக் ஆக்கும்போது வடியும் கறுப்புப் பாகுதான் தார். அது டேங்கரில் எங்களிடம் வரும். 'ஸ்டில்' என்கிற பெரிய இரும்புக் கொப்பரையில் அதைக் காய்ச்சுவோம். சூடு ஏற ஏற ஒவ்வொரு எண்ணெயாக ஆவியாகி வந்து குளிரும். அடியில் தங்கும் கெட்டிக் கறுப்புதான் பிட்ச். நடுவில் வருகிற எண்ணெய்களைச் சேர்த்து, ஜவ்வரிசி செய்யும் சேகோ மில்களுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் பாய்லர் எரிக்க விற்போம். அதற்குத் தாரெண்ணெய் என்று பெயர். நம் பழம்பாட்டுக்காரர்கள் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பூ வைத்திருக்கிறார்கள். எங்கள் நிலத்துக்குப் பூ கிடையாது. கிழக்கே காற்றடித்தால் கோழிப்பண்ணை, மேற்கே அடித்தால் நாங்கள்.

முதல் நாள், உச்சி வெயிலில், எண்ணெய்த் தொட்டி மேலேறி மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். கீழே ஒரு பெண் வடிகட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்துச் சத்தம் போட்டார்.

"சார்! புது சார்! தலைல துணியக் கட்டிக்கிட்டு எட்டிப் பாருங்க!"

"பரவால்லங்க, எனக்கு வெயில் பழக்கம்."

"வெயிலு பழக்கந்தான். தாரு பழக்கமுங்களா?"

நான் எம்.எஸ்ஸி. பதில் சொல்லவில்லை. பதிலைச் சாயங்காலம் பஸ்ஸில் என் தலை சொன்னது. தார் ஆவி தோலில் படிந்து, அதன்மேல் வெயில் பட்டால், நெருப்பில்லாமலே தோல் வேகும். எங்கள் பிளான்டில் அதைத் 'தார்க்கடி' என்பார்கள். நான் படித்த புத்தகத்தில் அதற்கு நீளமான வேறு பெயர் இருந்தது. பெயர் தெரிந்ததால் எரிச்சல் ஒன்றும் குறையவில்லை.

மறுநாள் அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். "தக்காளிச் சார் வந்துட்டாருங்க" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. அவர்தான் சரசக்கா. அவரைவிட மூத்தவர்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பிளான்டில் தாரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதி, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

2. முழங்கை

சரசக்காவின் வேலை, பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியைச் சுத்தம் செய்வது. ஆறு போல்ட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் வலைக்கூடையைத் தூக்கி, அதில் அப்பியிருக்கும் கசடை வழித்துப் போட்டு, திரும்ப மாட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து முறை. முழங்கை வரைக்கும் கை எண்ணெயில் போகும். கம்பெனி ரப்பர் கையுறை கொடுத்திருந்தது. தாரெண்ணெயில் ரப்பர் ஊறிப் பணியாரம் மாதிரி உப்பிவிடும். எண்ணெய் உள்ளே போய்த் தோலோடு சேர்ந்து வேகும். "வெறுங்கையே தேவலைங்க" என்று அவர் அதைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டார். காக்காய் விரட்ட அது நன்றாகப் பயன்பட்டது.

நான் சேர்ந்து பதினோரு வருஷம் ஆனபோது, ஒரு நாள் அவர் வலது முழங்கையில் கட்டோடு வந்தார்.

"என்னாச்சுங்க சரசக்கா?"

"மருவுங்க. பாலுண்ணியாட்டம் இருந்துச்சு, அப்பறம் புளியங்கொட்டையாட்டம் ஆயிருச்சு. சேலத்துல தோல் டாக்டர்ட்ட காட்டுனேன். வெட்டி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிச்சாங்க."

"என்ன சொன்னாரு?"

"இந்த மருவு இன்னும் கெட்டதா மாறலையாமா. ஆனா கைய மறுபடி மறுபடி இந்த எண்ணெய்க்குள்ள உட்டா, அடுத்தது மாறாதுன்னு எழுதித் தரமாட்டேன்னுட்டாரு. அவருகிட்ட நான் எழுதியா கேட்டேன்?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தார் மரு என்றால் என்ன, அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். நூறு வருஷத்துக்கு மேலாகப் புத்தகங்களில் இருக்கிற விஷயம். தாரெண்ணெயைச் சுண்டெலி முதுகில் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள் என்று வாசித்திருக்கிறேன். சுண்டெலியைப் பற்றி வாசித்தவன், பத்தடி தள்ளி வடிகட்டியில் இருந்த கையைப் பதினோரு வருஷம் பார்க்கவில்லை. அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு இப்படி ஒரு கண்கோளாறு உண்டு.

"வேற வேலைக்கு மாத்தித் தரச் சொல்றேங்க. ஆபீஸ்ல, கேட்டுல..."

"ஏன், உங்க சேர்ல உக்காந்துக்கட்டுங்களா?"

"சொல்றதக் கேளுங்க."

"நீங்க கேளுங்க சார். நான் போனா இந்த வலைக்கூடைய அப்படியே உட்ருவாங்களா? வேற ஒருத்தி வந்து கைய உடுவா. அவ கை என்ன இரும்பா?"

இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். மாற்ற வேண்டியது சரசக்காவை இல்லை, எண்ணெயை. அந்த மருவுக்கு இன்னொரு மரு துணை வருவதற்குள்.

3. குச்சிக்கிழங்கு

எங்கள் முதலாளிக்கு முன்பு லாரித் தொழில். பரமத்தி வேலூர்ப் பக்கம் வாழைத்தோட்டம், இங்கே குச்சிக்கிழங்குக் காடு, அதாவது மரவள்ளி. கெமிஸ்ட்ரி தெரியாது என்பதைப் பெருமையாகச் சொல்வார். தெரிந்தவர்கள் கதியை என் தலையில் பார்த்திருந்தார்.

அவரிடம் நான் முதலில் கேட்டது ஹைட்ரஜன். நல்ல அழுத்தத்தில் ஹைட்ரஜனைக் கொடுத்து, வினையூக்கி மேல் எண்ணெயை ஓட்டினால், அதில் இருக்கிற கெட்டவர்களில் பெரும்பாலோர் வேறு ஆளாக மாறிவிடுவார்கள். சரியான வழி அதுதான்.

"அழுத்தமுன்னா எவ்வளவுங்க?"

சொன்னேன்.

"ஏனுங்க கெமிஸ்ட்டு, குண்டு வெக்கறதுன்னா தீபாவளிக்கு வெச்சுக்கலாம். அடுத்தது சொல்லுங்க."

அடுத்தது, ஏழைகளின் வழி. எண்ணெயில் மூன்று கூட்டம் இருக்கிறது. முதல் கூட்டம், நைட்ரஜன் உள்ளவர்கள். மூக்கை எரிக்கும் பிரிடின் இவர்களில் ஒருவர். அவர் பின்னாலேயே சத்தமில்லாமல் வரும் சில அமீன்கள் மகா மோசம். நீர்த்த சல்ஃப்யூரிக் ஆசிட்டால் கழுவினால் இவர்கள் தண்ணீரோடு போய்விடுவார்கள். இரண்டாம் கூட்டம், தோலை அரிக்கும் ஃபீனால் வகையறா. காஸ்டிக் சோடாவால் கழுவினால் போவார்கள். மூன்றாம் கூட்டம்தான் மருவுக்கு முதல் குற்றவாளி. கனமான, பல வளையம் கோத்த ஆசாமிகள். கழுவினால் அசையமாட்டார்கள். ஆனால் கடைசிச் சூட்டில்தான் ஸ்டில்லை விட்டு வெளியே வருவார்கள். ஆகவே அதற்கு முன்பே எண்ணெய் எடுப்பதை நிறுத்தி, அவர்களைப் பிட்சோடு அடியிலேயே இருக்கவிட வேண்டும்.

முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். "எல்லாஞ் செரிங்க. எண்ணெய் கொறையுமுங்களா?"

"கொறையுங்க."

"வேல கூடுமுங்களா?"

"கூடுங்க."

"எரியறதுல எதாச்சும் ஒசத்தியா எரியுமுங்களா?"

"அதே மாதிரிதான் எரியுங்க."

"அப்பறம் எந்தக் கிறுக்கன் இதப் பண்ணுவானுங்க?"

ஜன்னலுக்கு வெளியே அவர் கிழங்குக் காடு தெரிந்தது. அதைக் காட்டினேன். "குச்சிக்கிழங்குல வெசம் இருக்குதுங்களா இல்லீங்களா?"

"இருக்குது. மாடு தழையத் தின்னாச் செத்துப்போவுது."

"அதப் புடுங்கி அப்படியே அரைச்சு ஜவ்வரிசின்னு விக்கறாங்களா? தோலச் சீவி, அரைச்சு, எத்தன தண்ணி கழுவறாங்க? எந்தக் கிறுக்கன் அதப் பண்ணான்?"

அவர் எட்டிக் காட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "வாயி மட்டும் இல்லீன்னா உங்களக் கோழி தூக்கிக்கிட்டுப் போயிரும்" என்றார். எங்களூரில் இதற்கு அர்த்தம், சரி என்பது.

லாரி பாடி கட்டும் ஒரு பட்டறையில் இரண்டு கழுவு தொட்டி செய்யச் சொன்னோம். ஆசிட் தொட்டிக்கு உள்ளே ஈயத் தகடு அடிக்க வேண்டும் என்றதும் பட்டறைக்காரர், "லாரிக்கு வெளிய பூ வரையச் சொல்லுவாங்க, உள்ள ஈயம் அடிக்கச் சொன்ன ஆள் நீங்கதானுங்க" என்றார். ஆசிட் தண்ணீரைச் சுண்ணாம்பு போட்டு அடக்கவும், காஸ்டிக் தண்ணீரிலிருந்து கிரெசிலிக் என்கிற ஃபீனால் சரக்கைப் பிரித்துப் பினாயில் செய்பவர்களுக்கு விற்கவும் தனியாக ஏற்பாடு. பினாயில் என்றதும்தான் முதலாளி முகத்தில் சற்று வெளிச்சம்.

முதல் கழுவல் முழுத் தோல்வி. நான் கிளறியை வேகமாக ஓடவிட்டேன். எண்ணெயும் தண்ணீரும் கலந்து கெட்டித் தயிராகி, மூன்று நாள் ஆகியும் பிரியவில்லை. நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சரசக்கா எட்டிப் பார்த்தார்.

"என்னுங்க சார், தயிர் ஒறை ஊத்தியிருக்கறீங்க?"

"பிரிய மாட்டேங்குதுங்க."

"இந்தக் கடை கடைஞ்சா எப்படிப் பிரியும்? சித்த வெதுவெதுன்னு வெச்சு, குழந்தைக்குத் தண்ணி ஊத்தற மாதிரி மெல்லத் திருப்புங்க. அப்பறம் கைய வெக்காம உடுங்க."

சூட்டை ஏற்றி, வேகத்தைக் குறைத்து, நிறுத்தி வைத்தேன். ஆறு மணி நேரத்தில் கோடு போட்ட மாதிரி பிரிந்தது. புத்தகத்திலும் அதுதான் இருந்தது, நான் இன்னும் வந்து சேராத பக்கத்தில்.

கழுவி வந்த எண்ணெய் இளம் டீ நிறத்தில் இருந்தது. வெளி லேப்புக்கு அனுப்பினேன். மூன்று கூட்டமும் நன்றாகவே குறைந்திருந்தன. பூஜ்யம் இல்லை, கழுவின எண்ணெயையும் கையால் தொடக் கூடாதுதான். ஆனால் பழையதும் இதுவும் ஒன்றில்லை. கனமான கசடு பிட்சோடு நின்றுவிட்டதால் வலைக்கூடை அடைப்பதும் குறைந்தது. நாலைந்து முறை கழற்றியது, ஒரு முறை ஆயிற்று. அதற்கும் ஊறாத ரகமாகப் பார்த்துக் கையுறை வாங்கினோம். சரசக்கா இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு, "கலியாணப் பொண்ணு மருதாணி காயறதுக்கு ஒக்காந்த மாதிரி இருக்குதுங்க" என்றார்.

இன்னொன்றும் நடந்திருந்தது. எண்ணெயில் நாற்றம் போய்விட்டது. அதைப் பெருமையாக நினைத்தேன்.

4. வண்டி திரும்பியது

கழுவின எண்ணெயில் முதல் லோடு, ராசிபுரத்துப் பக்கம் ஒரு சேகோ மில்லுக்குப் போனது. மத்தியானத்துக்குள் டேங்கர் அப்படியே திரும்பி வந்தது. மூடியில் போட்ட சீல் மட்டும்தான் உடைந்திருந்தது.

டிரைவர் இறங்கி வந்தார். "எறக்கமாட்டேன்னுட்டாங்க சார். பாய்லர்க்காரரு மூடியத் தொறந்தாரு, வெரல உட்டாரு, தேச்சாரு, மோந்தாரு. மூக்குல எரியலையாம். டூப்ளிகேட்டாம்."

அடுத்த பத்தாவது நிமிஷம் முதலாளி லேப்புக்குள் இருந்தார்.

"கெமிஸ்ட்டு, பைபாஸத் தொறந்து, பச்ச எண்ணெய் ரெண்டு டிரம் அதுல உடுங்க. வாசம் வந்துரும். ஓட்டிக்கிட்டுப் போகட்டும்."

பச்சை எண்ணெய் என்றால் கழுவாதது. கழுவு தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு லோடிங் தொட்டிக்கு நேராகப் போகும் ஒரு பழைய பைப் இருந்தது, அதுதான் பைபாஸ்.

"வேண்டாமுங்க."

"ரெண்டே டிரமுங்க. மொத்த வண்டில அது ஒரு உப்புக்கல்லு."

"இன்னிக்கு ரெண்டு. மூக்கு பத்தலைன்னா நாளைக்கு நாலு. ஒரு மாசத்துல பழையபடி முழுசும் பச்சைதான் போகும். அப்பறம் கழுவற தொட்டில மீன் வளக்கலாமுங்க."

"நான் சொல்றேன், தொறங்க."

"மாட்டேனுங்க."

"இது என்ற பிளான்ட்டுங்க."

"ஆமாங்க. அந்த வண்டில போற டெஸ்ட் பேப்பர்ல இருக்கறது என்ற கையெழுத்துங்க."

அவர் முகம் கறுத்தது. "நாளைலிருந்து வராதீங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

வெளியே சரசக்கா வடிகட்டிப் பக்கத்தில் நின்று, கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். முழங்கையில் மரு வெட்டிய இடம் வெள்ளையாகத் தெரிந்தது. எனக்குத் தைரியம் என்று தனியாக எதுவும் கிடையாது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவன். ஆனால் அன்றைக்கு எழுந்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, பைபாஸ் வால்வுக்குப் போனேன். முதலாளி நான் திறக்கப் போகிறேன் என்று நினைத்துப் பின்னாலேயே வந்தார். வால்வைத் திருப்பும் கைச்சக்கரத்தின் நட்டைக் கழற்றி, சக்கரத்தை உருவி, என் சாப்பாட்டுப் பைக்குள் போட்டேன்.

"வராதீங்கன்னா வர மாட்டேனுங்க. இந்த வீலும் வராது."

ஒரு பைப் ரெஞ்ச் இருந்தால் சக்கரம் இல்லாமலே அந்த வால்வைத் திறக்கலாம். அது எனக்குத் தெரியும். முப்பது வருஷம் லாரியோடு இருந்த அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். என் வீரத்தின் விலை ஒரு பைப் ரெஞ்ச்.

"ரெஞ்ச எடுத்துட்டு வாங்கப்பா!" என்று அவர் சத்தம் போட்டார். ஃபிட்டர் ரூமில் தேடினார்கள். கிடைக்கவில்லை. தினமும் ஆணியில் தொங்கிய ரெஞ்ச், அன்றைக்குப் பார்த்து இல்லை.

முதலாளி என்னைப் பார்த்தார். "ஒரு நாள் டைம் தாரனுங்க. அந்த மில்லுல இதே எண்ணெய எறக்கிப் போட்டு வாங்க. இல்லீன்னா அந்த வீல நீங்களே வெச்சுக்கலாம், ஊட்லயே."

கேட்டைத் தாண்டும்போது சரசக்கா ஓடி வந்து டேங்கரில் ஏறிக்கொண்டார். "நானும் வாரனுங்க. உங்களத் தனியா உட்டா அங்க போயிப் பாடம் நடத்துவீங்க." என் பையைத் தூக்கிப் பார்த்து, "டிபன் பாக்ஸு கனமா இருக்குதுங்களே" என்றார்.

5. மூக்கு

பாய்லர்க்காரர் பெயர் கருப்பண்ணன். அறுபதை நெருங்கியவர். அந்த மில்லில் பாய்லர் வந்த நாளிலிருந்து இருப்பவர். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மரியாதைக்கா, சண்டைக்கா என்று தெரியவில்லை.

"வாங்க சார். எண்ணெய மாத்திக் கொண்டாந்திருக்கறீங்களா?"

"அதே எண்ணெய்தானுங்க. நல்லா எரியும். கழுவியிருக்கோம், அதனாலதான் வாசம் இல்ல."

"கழுவறதுக்கு அது என்ன வேட்டியா?" என்றார். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். ஆசிட், காஸ்டிக், வளையங்கள். சரசக்கா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கருப்பண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் சொன்னார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சாமி. தாரெண்ணெய்ன்னா வெரல்ல தொட்டு, தேச்சு, மோந்து பாக்கோணும். மூக்குல சுரீர்னு ஏறோணும். ஏறுனா ஒரிஜினலு. ஏறலைன்னா அவன் பழைய இஞ்சின் ஆயிலக் கலந்துட்டான்னு அர்த்தம்."

"இத யாருங்க சொன்னது?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரா? நீங்கதானுங்க!"

"நானா?"

"இதே எடத்துல, இதே தூணுகிட்ட நின்னுக்கிட்டு. பத்து வருசம் இருக்கும். அப்ப எவனோ கழிச்சுப்போட்ட இஞ்சின் ஆயிலக் கலந்து வித்துக்கிட்டு இருந்தான். நீங்க வந்து பாய்லர்க்காரங்க எல்லாத்தையும் நிக்க வெச்சு, 'மூக்கில் எரிந்தால் நம்ம எண்ணெய்'னு சொல்லிக் குடுத்தீங்க. நோட்டீஸுகூட ஒட்டியிருந்தீங்க. அன்னீலிருந்து ஒரு வண்டிகூட மோந்து பாக்காம எறக்குனதில்ல நானு."

நினைவு வந்தது. சேர்ந்த இரண்டாம் வருஷம். விற்பனை விழுந்துகொண்டிருந்தது. மூக்கில் எரிந்தால் நம்ம எண்ணெய். அந்த வாசகத்தை நான்தான் எழுதினேன். எதுகை மோனை பார்த்து, இரண்டு நாள் செதுக்கி. அதற்காக முதலாளி ஒரு கைக்கடிகாரம்கூடக் கொடுத்தார். அது அப்போதும் என் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

சரசக்கா என்னைப் பார்த்தார். என் கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு கருப்பண்ணன் பக்கம் திரும்பினார். "ஏனுங்ணா, அந்த வெரலக் கொஞ்சம் காட்டுங்க."

கருப்பண்ணன் வலது கையை நீட்டினார். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் நுனியில் வழவழவென்று, கண்ணாடி மாதிரி மின்னின.

"ரேகையே காணமுங்களே!"

"அத ஏம்மா கேக்கற. ரேசன் கடைல மிசின்ல வெச்சா, வெச்சுக்கிட்டே நிக்க வேண்டியதுதான். எடுக்க மாட்டேங்குது. அந்தக் கடைக்காரி, 'தாத்தா, நீங்க இருக்கறீங்களா இல்லியான்னே மிசினுக்குத் தெரியல'ங்கறா. இப்ப ஊட்டுக்காரிதான் போறா."

"மூக்கு? ரசம் தாளிச்சாத் தெரியுதுங்களா?"

கருப்பண்ணன் கொஞ்சம் தயங்கினார். "வாசம் எதும் தெரியறதில்லம்மா. ரெண்டு மூணு வருசமாவே. இந்த எண்ணெயோட எரிச்ச ஒண்ணுதான் தெரியும். அது தெரிஞ்சாப் போதாதா?"

சரசக்கா தன் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். "இதே எண்ணெய்தானுங்ணா. இது மருவு இருந்த எடம். வெட்டி எடுத்தாங்க. அடுத்தது வந்தா அது சும்மா போவாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்தச் சார் அதுக்காவ எண்ணெயக் கழுவிக் கொண்டாந்திருக்கறாரு. அதப் போயி நீங்க திருப்பி அனுப்பிச்சுட்டீங்க."

அவர் அந்தத் தழும்பைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் இன்னும் விளக்கம் எழுதவில்லை. அதற்கு எதுகை மோனை கிடைக்காது.

"நான் சொன்னது தப்புங்க" என்றேன். "சொல்லிக் குடுத்தவனே சொல்றேன், தப்பு. மூக்குல எரிஞ்சதுதான் அதுல இருந்த கெட்டது."

"செரி சாமி. நாளைக்கு எவனாச்சும் இஞ்சின் ஆயிலக் கலந்தா எப்படிக் கண்டுபுடிக்கறது? மில்லு எங்கிட்டதான கேக்கும்?"

நியாயமான கேள்வி. பத்து வருஷத்துக்கு முன்பு அவர் கேட்டதும் இதுதான். அப்போதே எனக்குச் சரியான பதில் தெரியும். தாரெண்ணெய் தண்ணீரைவிடக் கனம். இஞ்சின் ஆயில் தண்ணீரைவிட லேசு. பள்ளிக்கூடத்தில் அடர்த்தி என்று நானே நடத்தினது. ஆனால் 'மூக்கில் எரிந்தால்' என்பதில் இருந்த கம்பீரம் அதில் இல்லை.

"ஒரு டம்ளர் தண்ணி கொண்டாங்க."

அவர் டீ டம்ளரை எடுத்தார். சரசக்கா அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, "அப்பறம் இதுல டீ குடிக்கறதுக்கா?" என்று, ஒரு பழைய தண்ணீர் பாட்டிலை மேல்பக்கம் அறுத்துத் தண்ணீர் பிடித்தார். சாம்பிள் கரண்டியால் கழுவின எண்ணெயை அதில் ஊற்றினேன். நேராக அடிக்குப் போய் உட்கார்ந்தது. அங்கே மோட்டாருக்கு வைத்திருந்த பழைய ஆயிலைக் கொஞ்சம் ஊற்றினேன். மேலே மிதந்தது. தண்ணீரை மாற்றி, இரண்டையும் சரிபாதி கலந்து ஊற்றினேன்; அதுவும் மிதந்தது.

கருப்பண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முங்குனா நம்முளுது. மெதந்தா அடுத்தவனுது."

"ஆமாங்க."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதானுங்க."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்ல சாமி?"

அன்று அவர் எண்ணெயை இறக்கினார். சாயங்காலம் வரை பாய்லர் ஓடியது; பிரஷர் முள் வழக்கமான இடத்தில்தான் நின்றது. போகும்போது என் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள், சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டேன். இரண்டும் ஒரே குற்றத்தின் சாட்சிகள்.

6. பேப்பர் வெயிட்

அதன்பிறகு ஒரு வருஷம், நான் நோட்டீஸ் ஒட்டின பாய்லர் ரூம் ஒவ்வொன்றாகப் போனேன், அறுத்த பாட்டிலும் கரண்டியுமாக. பழைய நோட்டீஸ் இருந்த இடத்தில் சுரண்டி எடுத்தேன். இரண்டு இடத்தில் அது வரமாட்டேன் என்றது, மேலே சுண்ணாம்பு அடித்தோம். சிலர் சிரித்தார்கள். மூன்று பேர், "எங்களுக்குச் சுரீர்னு இருக்கோணும்" என்று வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். போகட்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தபடி, "சொல்றது சுலபமுங்க" என்றார். ஆனால் கழுவு தொட்டியை நிறுத்தவில்லை.

சரசக்கா வருஷத்துக்கு ஒருமுறை சேலத்துக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறார். இதுவரை புது மரு இல்லை. இருபது வருஷம் அந்த எண்ணெயில் கை விட்டவருக்கு நாளைக்கு என்ன என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார்; அவரும் கேட்பதில்லை. "என்ன மாத்துனீங்கன்னு டாக்டர் கேட்டாரு. நான் ஒண்ணும் மாத்தலீங்க, எண்ணெயைத்தான் குளிக்க வெச்சுட்டோமுன்னு சொன்னேன்" என்றார் ஒரு தடவை. கருப்பண்ணன் சென்ற பொங்கலுக்கு ஃபோன் செய்தார். பச்சரிசி வாங்கப் போனபோது மெஷினில் கட்டை விரலை வைத்தாராம், எடுத்துக்கொண்டதாம். "நான் இருக்கறனாமா, சார்!" என்றார். ரசத்தின் வாசம் மட்டும் திரும்பி வரவில்லை. அது என் கணக்கில் இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வரப் போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பொருளைச் சோதிக்கிற கருவியாக ஒருவருடைய தோலையோ மூக்கையோ வைத்தால், அதற்கு மாற்றுப் பாகம் கடையில் கிடைக்காது. நல்லதா கெட்டதா என்று கேட்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும் என்றால், தண்ணீரிடம் கேளுங்கள். நாற்றம் இல்லாததால் விற்காது என்று யாராவது சொன்னால், விற்காமல் கிடக்கட்டும் என்று சொல்லுங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, எனக்கு நடுங்கியது.

போன மாதம் ஆசிட் லாரி வரவில்லை. கழுவ வழியில்லை, லோடு கேட்டு நாலு பக்கமும் ஃபோன். முதலாளி லேப்புக்கு வந்தார். என் மேசையில் காகிதங்கள் மேல் இருந்த இரும்புச் சக்கரத்தைப் பார்த்தார்.

"இது அந்த வீல்தானுங்களே?"

"பேப்பர் பறக்குதுங்க."

அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "இது இல்லீன்னாலும் ரெஞ்ச வெச்சுத் திருகலாமுங்க, தெரியுமில்ல?"

"தெரியுமுங்க."

"அந்த ரெஞ்சு அன்னிக்கு எங்க போச்சுன்னுதான் தெரியல."

வாசலில் சரசக்கா, முழங்கை வரை கையுறையோடு நின்றிருந்தார்.

"எங்கிட்ட இருக்குதுங்க."

முதலாளி மெதுவாகத் திரும்பினார். "குடு."

"எங்க வெச்சேன்னு தேடிப் பாக்கோணுமுங்க."

"எத்தன நாளாகும்?"

"ஆசிட் லாரி எப்பங்க வருது?"

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சக்கரத்தைக் காகிதங்கள் மேல் திரும்ப வைத்து, அது சரியாக உட்கார்ந்ததா என்று ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"வியாழக்கெழம" என்றார். "அது வரைக்கும் லோடு இல்லீன்னு எல்லாத்துக்கும் சொல்லிப்போடுங்க."